துலாக்கோலின் நா: ஜே.பி.எஸ். ஹால்டேன் பரிணாமத்தை மக்களுக்கு உரைத்த வரலாறு

மரக்காணத்து உப்பளப் பாத்திகளில் கடல்நீர் உப்பாகும் முறையை இப்பகுதி மக்கள் நன்கறிவர். பாத்திக்குப் பாத்தி மாறிச் செல்லும் நீர், வெயிலிலும் காற்றிலும் செறிந்து, ஏறத்தாழ 25 பாகைச் செறிவை எட்டும்போது உப்பு படியத் தொடங்குகிறது. செறிவு 30 பாகையை நெருங்கும்போது எஞ்சிய நீரை வடித்துவிட வேண்டும். தவறினால் மக்னீசிய உப்புகள் கலந்து கசப்பேறிவிடும். உப்பு விளைந்துவிட்டதா என்பதை உழைப்பவரின் விருப்பமோ முதலாளியின் அவசரமோ முடிவு செய்வதில்லை. நீரின் செறிவே முடிவு செய்கிறது. செறிவை அளக்கும் மானி எவர் கையில் இருந்தாலும் ஒரே எண்ணைத்தான் காட்டும்.

இக்கடற்கரையிலிருந்து உள்நாட்டுப் பக்கம் சென்றால், இதே விழுப்புரம் மாவட்டத்தில் திருவக்கரை இருக்கிறது. அங்கே செம்மண் நிலத்தில் மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. 1781ஆம் ஆண்டில் பிரெஞ்சு இயற்கையறிஞர் சொன்னரா அவற்றைக் கண்டு எழுதினார். அவை ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று நிலவியலார் கணிக்கின்றனர். ஊர் வழக்கோ, அவை தெய்வத்தால் வதைக்கப்பட்ட அரக்கனின் எலும்புகள் என்று சொல்லும். அம்மண்ணில் வளரும் ஒரு சிறுவன் இரண்டையும் கேட்கிறான். ஊர்வழக்கை இகழாமலும், நிலவியல் சொல்லும் உண்மையை மழுப்பாமலும் அவனுக்கு எவ்வாறு எடுத்துரைப்பது? உயிர்களின் நெடுவரலாற்றைப் பொதுமக்களிடம் கொண்டு செல்லும் எழுத்தாளர் ஒவ்வொருவரையும் எதிர்கொள்ளும் வினா இது.

இவ்வினாவைத் தம் வாழ்நாள் முழுவதும் சுமந்தவர் ஜே.பி.எஸ். ஹால்டேன். இருபதாம் நூற்றாண்டின் பரிணாமக் கொள்கையைக் கணித அடிப்படையில் கட்டியெழுப்பிய மூவருள் ஒருவர். மற்ற இருவர் ரொனால்ட் ஃபிஷரும் சீவால் ரைட்டும். அறிவியலை எளிய மக்களுக்கு எழுதியோருள் முதல் வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர். தம் இறுதி ஏழாண்டுகளை இந்தியாவில் கழித்து, இந்தியக் குடிமகனாகவே மறைந்தவர். நடுவுநிலைமை என்பது எத்துணை அரிய பண்பு என்பதை அவருடைய உயர்வும் காட்டுகிறது, சறுக்கலும் காட்டுகிறது.

சுரங்கத்தில் கற்ற பாடம்

ஜான் பர்டன் சாண்டர்சன் ஹால்டேன் 1892 நவம்பர் 5ஆம் நாள் ஆக்ஸ்ஃபோர்டில் பிறந்தார். தந்தையார் ஜான் ஸ்காட் ஹால்டேன் உடலியங்கியல் அறிஞர். நிலக்கரிச் சுரங்கங்களில் தொழிலாளரைக் கொல்லும் வாயுக்களை ஆராய்ந்தவர். தம் உடலையே ஆய்வுக்களமாக்கிக்கொண்ட அவர், மகனையும் சுரங்கத்துக்கு அழைத்துச் சென்றார். மீத்தேன் வாயு தேங்கிய ஓரிடத்தில் எழுந்து நின்று, சேக்சுபியர் நாடகத்தில் வரும் ஒரு சொற்பொழிவை ஒப்பிக்குமாறு பணித்தார். சில அடிகள் சொல்வதற்குள் மூச்சு முட்டிக் கால் துவண்டு சிறுவன் தரையில் வீழ்ந்தான். தரையருகே காற்று நன்றாக இருந்தது; மூச்சு திரும்பிற்று. மீத்தேன் காற்றினும் எடை குறைந்தது, மேலே தேங்குவது என்னும் உண்மையை அச்சிறுவன் மறக்க வழியில்லை. பிறர் சொல்லிக் கேட்பதைவிடச் சான்றைத் தானே எதிர்கொள்வது மேல் என்னும் பாடம் அங்கே தொடங்கியது.

1901இல், எட்டு வயதில், மெண்டலின் மரபியல் விதிகளைப் பற்றிய ஒரு சொற்பொழிவுக்கும் தந்தையாருடன் சென்றார். அவ்விதிகள் மீண்டும் கண்டறியப்பட்டு அப்போது ஓராண்டே ஆகியிருந்தது. ஈட்டன் பள்ளியிலும் ஆக்ஸ்ஃபோர்டின் நியூ கல்லூரியிலும் பயின்றார். முதலில் கணிதம் கற்றார். பின்னர் கிரேக்க, இலத்தீன இலக்கியமும் மெய்யியலும் கற்றுத் தேர்ந்தார். அறிவியலில் அவர் எந்தப் பட்டமும் பெற்றதில்லை என்பது வியப்பளிக்கும் செய்தி. அவருடைய அறிவியல் உரைநடையில் காணப்படும் தெளிவுக்கு அந்த இலக்கியப் பயிற்சியும் ஒரு காரணம் எனலாம்.

முதல் உலகப் போரில் பிரான்சிலும் மெசபொத்தேமியாவிலும் போரிட்டார், இருமுறை காயமுற்றார். 1917இல் உடல் தேறுவதற்காக அனுப்பப்பட்ட நாடு இந்தியா. ஆளும் இனத்தவராக வந்து கண்ட அந்நாட்டுக்கு, நாற்பது ஆண்டுகள் கழித்து, அதன் குடிகளுள் ஒருவராக வாழ மீண்டும் வருவார்.

எண்ணால் அளந்த தேர்வு

டார்வின் 1859இல் வெளியிட்ட நூல் இயற்கைத் தேர்வு என்னும் கருத்தை உலகுக்கு அளித்தது. ஆயினும் அத்தேர்வு எவ்வளவு விரைவில் நிகழும், எத்தனை தலைமுறையில் ஒரு பண்பு பரவும் என்னும் வினாக்களுக்கு விடையளிக்கும் கணக்கு அந்நாளில் இல்லை. கணக்கு இல்லாத இடத்தில் சொல்வன்மை ஆட்சி செய்தது. ஒரு சாரார் இயற்கைத் தேர்வால் எல்லாம் கூடும் என்றனர். மற்றொரு சாரார் எதுவும் கூடாது என்றனர்.

கேம்பிரிட்ஜில் பணியாற்றிய ஹால்டேன் 1924இல் தொடங்கிப் பத்தாண்டுக் காலத்தில் ஒரு கட்டுரைத் தொடரை எழுதி, இயற்கைத் தேர்வைக் கணிதத்துக்குள் கொண்டுவந்தார். அதில் அவர் எடுத்துக்கொண்ட சான்று இங்கிலாந்தின் ஓர் அந்துப்பூச்சி. அதன் இயல்பான நிறம் வெளிர்ப்பு, கரும்புள்ளிகள் தூவியது. 1848இல் மான்செஸ்டர் நகர்ப்புறத்தில் கருநிற வகை முதன்முதலாகப் பதிவாயிற்று. ஆலைப்புகையால் மரப்பட்டைகள் கறுத்த அந்நகரில், நூற்றாண்டின் இறுதிக்குள் ஏறக்குறைய எல்லாப் பூச்சிகளும் கருநிறமாகிவிட்டன. இம்மாற்றம் ஐம்பதே ஆண்டுகளில் நிகழ வேண்டுமாயின், வெளிர்நிறப் பூச்சி இரண்டு வழித்தோன்றல்களை விட்டுச் செல்லும்போது கருநிறப் பூச்சி மூன்றை விட்டுச் சென்றிருக்க வேண்டும் என்று அவர் கணக்கிட்டுக் காட்டினார்.

அக்கணக்கின் சிறப்பு அதன் துணிவில் உள்ளது. தேர்வு வலிமையானது என்று பொதுப்படச் சொல்லியிருந்தால் எவரும் அவரை மறுத்திருக்க இயலாது. எண்ணைச் சொன்னதால், காட்டுக்குச் சென்று எண்ணிப் பார்த்து அவரைப் பொய்ப்பிக்கும் வாய்ப்பைப் பிறருக்கு அளித்தார். முப்பதாண்டுகளுக்குப் பின்னர் பெர்னார்டு கெட்டில்வெல் 1950களில் காட்டில் பூச்சிகளை விட்டும் பிடித்தும் ஆய்ந்தபோது, பறவைகள் இரையாகப் பொறுக்குவதில் அத்தகைய பெரிய வேறுபாடு இருப்பது தெரியவந்தது.

சொல்லுக்குள் ஒளிந்த சார்பு

1932இல் ஹால்டேன் வெளியிட்ட பரிணாமத்தின் காரணங்கள் என்னும் நூல், இரண்டு வினாக்களைத் தனித்தனியே நிறுத்துகிறது. உயிரினங்கள் ஒன்றிலிருந்து ஒன்றாகத் தோன்றினவா என்பது முதல் வினா. எக்காரணத்தால் அவ்வாறு தோன்றின என்பது இரண்டாம் வினா. முன்னதற்குரிய சான்று உறுதியானது. பின்னதில் ஆய்வு தொடர்கிறது. இவ்விரண்டையும் குழப்புவோர் இரு பக்கத்திலும் உண்டு. காரணம் பற்றிய ஓர் ஐயத்தைக் காட்டி, நிகழ்வே பொய் என்பார் ஒருவர். நிகழ்வு உறுதியானது என்பதைக் காட்டித் தம் விளக்கம் முழுவதும் உறுதியானது என்பார் மற்றொருவர். இருவரும் பொதுமக்களைத் திசைதிருப்புவோரே.

அந்நூலில் அவர் வலியுறுத்திய மற்றொரு கருத்து தமிழ் எழுத்தாளர்களுக்கு மிகவும் நெருக்கமானது. பரிணாமம் என்றால் முன்னேற்றம் என்று மக்கள் கொள்கின்றனர். ஆனால் உயிர்வரலாற்றில் முன்னேற்றத்தைவிடச் சிதைவும் எளிமையாதலுமே மிகுதியாகக் காணப்படுகின்றன என்று அவர் எழுதினார். பிற உயிரின் குடலில் வாழப் புகுந்த ஒட்டுண்ணி கண்ணையும் காலையும் இழக்கிறது. இருட்குகையில் வாழும் மீன் பார்வையை இழக்கிறது. அவையும் பரிணாமத்தின் விளைவுகளே.

தமிழில் இக்கொள்கைக்குக் கூர்தலறம் என்று ஒரு சொல் ஆக்கப்பட்டது. கூர்ப்பு என்பதற்கு உள்ளது சிறத்தல் என்று தொல்காப்பிய உரியியல் பொருள் தருகிறது. அழகிய சொல்லாக்கம்தான், ஐயமில்லை. ஆயினும் கூர்தல் என்னும்போதே சிறத்தல் என்னும் பொருள் புகுந்துவிடுகிறது. அறம் என்னும்போது அது நன்னெறியாகவும் ஒலிக்கிறது. இயற்கையில் நிகழ்வதை விளம்பும் சொல், நிகழ வேண்டியதை விதிக்கும் சொல்லாக மாறிவிடுகிறது. படிமலர்ச்சி என்னும் சொல்லிலும் மலர்ச்சி என்னும் மகிழ்வுக்குறிப்பு உண்டு. சொற்களை வேண்டாம் என்று விலக்குவதற்காக இதனைக் கூறவில்லை. சொல்லைத் தேர்வோர், அதன் மடியில் எது ஒளிந்து வருகிறது என்பதை அறிந்திருத்தல் வேண்டும். வலியவன் வாழ்வதே இயற்கையின் நீதி என்று பேசி எளியோரை ஒடுக்கியவர்கள், இத்தகைய சொல்மயக்கத்தில்தான் தம் வாதத்தைக் கட்டினர்.

ஊகத்தை ஊகம் என்று உரைத்தல்

1929இல் ஹால்டேன் உயிரின் தோற்றம் என்னும் சிறு கட்டுரையை வெளியிட்டார். உயிர்வளி இல்லாத தொன்மை வளிமண்டலத்தில், கதிரவனின் புறஊதாக் கதிர்கள் பட்டு, கரிமப் பொருள்கள் உருவாகித் தொல்கடலில் சேர்ந்தன. அக்கடல் சூடான, நீர்த்த சாறுபோல் ஆயிற்று. அதிலிருந்து உயிரின் முதல் வடிவங்கள் எழுந்திருக்கலாம் என்பது அதன் சாரம். சோவியத் நாட்டின் ஓபாரின் 1924இல் இதனையொத்த கருத்தைத் தனியே வெளியிட்டிருந்தார். 1953இல் ஸ்டான்லி மில்லர் ஆய்வுக்கூடத்தில் வாயுக்கலவையில் மின்பொறி பாய்ச்சி அமினோ அமிலங்களைப் பெற்றபோது இக்கருத்து உலகெங்கும் பேசப்பட்டது.

உப்பளக் கரையில் வாழ்வோர்க்கு இக்கருத்து விளங்குவது எளிது. நீர் செறியச் செறிய உப்புப் பாத்திகள் செந்நிறம் கொள்வதுண்டு. மிகு உப்பிலும் வாழவல்ல நுண்பாசியும் நுண்ணுயிர்களும் தரும் நிறம் அது. பிற உயிர்கள் மாண்டுபோகும் நீரில் அவை பெருகுகின்றன. உயிர் என்பது எத்தகைய சூழலிலும் வழி தேடும் என்பதற்கு இது கண்கூடான சான்று. ஆனால், இன்று உப்புநீரில் உயிர் வாழ்கிறது என்பது, முதல் உயிர் அவ்வாறுதான் தோன்றியது என்பதற்குச் சான்றாகாது. ஒன்றைக் காட்டி மற்றொன்றை நம்பச் செய்வது எளிது. அந்த எளிமைக்கு ஹால்டேன் இடங்கொடுக்கவில்லை. ஆய்வுக்கூடத்தில் உயிரை உருவாக்கிக் காட்டும் வரையில் தம் முடிவுகள் ஊகங்களே என்று அக்கட்டுரையிலேயே எழுதிவைத்தார். ஆழ்கடல் வெந்நீர் ஊற்றுகள், காய்ந்தும் நனைந்தும் மாறும் குட்டைகள் எனப் பல கருதுகோள்கள் இன்று ஆராயப்படுகின்றன. அவருடைய ஊகத்தின் சில பகுதிகள் மாற்றப்பட்டுள்ளன. அதனால் அவர் மதிப்பு குறையவில்லை. ஊகம் என்று முன்பே சொல்லியவர் பொய்யுரைத்தவர் ஆகமாட்டார்.

மறுப்போர் மடலும் ஒரே அட்டைக்குள்

பொதுமேடையில் பரிணாமத்தை மறுத்தோரை ஹால்டேன் எதிர்கொண்ட முறை தனித்துக் குறிப்பிடத்தக்கது. கத்தோலிக்க எழுத்தாளர் ஆர்னால்டு லன்னுடன் அவர் நடத்திய மடல்வழி வாதம் 1935இல் நூலாயிற்று. 1949இல் பரிணாமம் ஒரு கட்டுக்கதையா என்னும் தலைப்பில் மற்றொரு நூல் வந்தது. அதில் அவரை எதிர்த்து எழுதியவர் இருவர். டக்ளஸ் டியூவர், இந்திய ஆட்சிப்பணியில் இருந்து இந்நாட்டுப் பறவைகளைப் பற்றிப் பல நூல்கள் எழுதியவர். மெர்சன் டேவிஸ், படை அதிகாரியாக இருந்து தொல்லுயிரியல் பயின்றவர். இருவரும் அறியாமையால் மறுத்தவர்கள் அல்லர். கற்று, ஆய்ந்து, சமய நம்பிக்கையால் மறுத்தவர்கள்.

இந்நூலில் எதிர்த்தரப்பின் வாதம் அவர்கள் சொற்களிலேயே முழுமையாக அச்சேறியது. எதிரியின் கருத்தைத் தம் நடையில் சுருக்கி, நகைப்புக்கு இடமாக்கி, பின்னர் வெல்லும் பழக்கம் நம்மிடையேயும் உண்டு. அவ்வழியை ஹால்டேன் ஏற்கவில்லை. படிப்பவர் இருதரப்பையும் எடைபோடட்டும் என்று விட்டார். ஆயின் இருதரப்புக்கும் இடமளிப்பது வேறு. இருதரப்பும் சம எடை உடையன என்று சொல்வது வேறு. துலாக்கோலின் நா நடுவில் நிற்பது தட்டுகள் சமமாக இருக்கும்போது மட்டுமே. எடை ஒரு பக்கம் மிகும்போதும் நாவை நடுவிலேயே இழுத்துப் பிடிப்பவன் நடுவுநிலையாளன் ஆகான். கள்ளத்தராசு பிடிப்பவன் ஆவான்.

அந்த வாதத்தில் ஹால்டேன் மற்றொரு துணிவையும் காட்டினார். எது கிடைத்தால் தம் கொள்கைக்கு இடர் நேரும் என்பதைத் தாமே சொன்னார். சக்கரம், காந்தம் போன்ற கருவிகள் ஓரளவு நிறைவடையும் வரையில் பயனற்றவை. ஆதலால் படிப்படியான தேர்வால் அவை உயிர்களிடத்தில் தோன்றியிருக்க இயலாது என்றார். இயற்கை அவருக்கு வியப்பான விடை வைத்திருந்தது. பாக்டீரியாவின் நீந்தும் இழை, அடியில் உள்ள மோட்டாரால் சக்கரம்போல் சுழல்கிறது என்பது 1970களின் முற்பகுதியில் மெய்ப்பிக்கப்பட்டது. 1975இல் ரிச்சர்டு பிளேக்மோர், கடலோரச் சதுப்புச் சேற்றில், உடலுக்குள் காந்தத் துகள்களைக் கோத்து வைத்துத் திசையறியும் பாக்டீரியாக்களை விவரித்தார். ஹால்டேனின் எழுத்தைப் பரிணாம மறுப்பாளர்கள் இன்றும் எடுத்துக்காட்டுகின்றனர். ஆய்வாளர்களோ அதனை மறைக்கவில்லை. சுழலும் இழையின் பாகங்களுக்கு இனமான புரதங்கள் வேறு உயிரணுக்களில் வேறு பணிகள் செய்வதைக் கண்டறிந்து, நிறைவடையாத நிலையிலும் அவை பயன்பட்டிருக்க இயலும் என்பதைக் காட்டினர். ஹால்டேன் தவறியது, சக்கரமும் காந்தமும் உயிர்களிடத்தில் இரா என்னும் கணிப்பில். தோற்கும் இடத்தை முன்பே சொல்லிவைத்ததால் அவர் தவறியதும் அறிவுக்குப் பயனாயிற்று.

நா சாய்ந்த காலம்

இத்தகையவரின் வாழ்விலும் நா சாய்ந்த காலம் ஒன்று உண்டு. அதை மறைத்து எழுதினால் அவர் போற்றிய நெறிக்கே மாறாகும்.

1930களில் பாசிசம் ஓங்கியபோது ஹால்டேன் இடதுசாரி இயக்கத்தில் இணைந்தார். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் குடியரசுத் தரப்புக்குத் துணை நின்றார். 1937 முதல் டெய்லி ஒர்க்கர் நாளிதழில் தொழிலாளருக்காக அறிவியல் கட்டுரைகள் எழுதினார். ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுகளில் அவை முந்நூற்றுக்கும் மேற்பட்டன. 1942இல் பொதுவுடைமைக் கட்சியில் உறுப்பினரானார்.

அதே காலத்தில் சோவியத் நாட்டில் லைசென்கோ என்பவர், மெண்டலின் மரபியலை முதலாளித்துவப் பொய்யென்று தள்ளி, சூழலால் பெற்ற பண்புகள் மரபாகும் என்று முழங்கினார். ஸ்டாலினின் ஆதரவைப் பெற்றார். உலகறிந்த பயிரியல் அறிஞர் வாவிலோவ் 1940இல் சிறைப்பட்டு 1943இல் சிறையிலேயே மாண்டார். 1928இல் ஹால்டேனைச் சோவியத் நாட்டுக்கு அழைத்து விருந்தோம்பியவர் அந்த வாவிலோவ். 1948 ஆகஸ்டில் லைசென்கோவின் கருத்தே அரசுக் கொள்கையாக அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் பிபிசி வானொலி நான்கு அறிஞர்களைப் பேசச் செய்தது. மற்ற மூவரும் கண்டித்தனர். ஹால்டேன் கண்டிக்கவில்லை. முழுச் சான்றும் வரட்டும் என்றார். லைசென்கோவின் சில கருத்துகளில் உண்மை இருக்கலாம் என்றார்.

தம் ஆய்வில் அவர் மரபியலைக் கைவிடவில்லை. 1949இல் மரபியலுக்கு ஆதரவாகவும் கட்டுரை எழுதினார். ஆயினும் டியூவரிடம் உடனடிச் சான்று கேட்ட அதே ஆண்டுகளில், லைசென்கோவுக்குப் பொறுமையைச் சலுகையாக அளித்தார் என்பது மறுக்க இயலாதது. மாற்றாருக்கு ஓர் அளவுகோல், தம்மவர்க்கு ஓர் அளவுகோல் என்றாயிற்று. சார்பு என்பது பொய் சொல்வதாக வருவதில்லை. தம் பக்கத்தாருக்கு மட்டும் கூடுதல் அவகாசம் தருவதாக வருகிறது. 1950 அளவில் அவர் ஆரவாரமின்றிக் கட்சியை விட்டு விலகினார். வெளிப்படையான கண்டனம் எதுவும் எழுதவில்லை. அறிவியலுக்கு இழைக்கப்பட்ட தீங்கு பெரிது. அவர் காத்த மௌனம் அவர் புகழில் நீங்காத கறையாக நிற்கிறது.

இந்திய மண்ணில்

1957இல், சூயசு மீதான பிரித்தானியத் தாக்குதலைக் கண்டித்து, ஹால்டேன் தம் துணைவியார் ஹெலன் ஸ்பர்வேயுடன் கல்கத்தா வந்து, மகலனோபிசு நிறுவிய இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் பணியேற்றார். இந்திய உடை அணிந்தார், புலால் மறுத்தார், 1961இல் இந்தியக் குடியுரிமை பெற்றார். 1962இல் புவனேசுவரத்தில் மரபியல் ஆய்வுக்கூடம் ஒன்றை அமைத்தார்.

விலையுயர்ந்த கருவிகள் இல்லாத நாட்டில் அறிவியல் செய்ய இயலாது என்னும் ஏக்கத்தை அவர் ஏற்கவில்லை. கண்ணும் பொறுமையும் கணக்கும் போதும் என்றார். உயிரைக் கொல்லாமல் ஆயும் வழிகளை மாணவர்க்குக் காட்டினார். ஒருவர் பவழமல்லிப் பூக்களின் இதழ்களை நாள்தோறும் எண்ணிப் பதிந்தார். ஜெயகர், வறண்ட தரையில் கூடின்றி முட்டையிடும் மஞ்சள்மூக்கு ஆள்காட்டியின் அடைகாப்பை ஹெலனுடன் கவனித்து எழுதினார். அந்தோனி டேவிஸ், தென்னையின் மட்டைகள் சில மரங்களில் இடமாகவும் சில மரங்களில் வலமாகவும் சுழன்றேறுவதை எண்ணி, இவ்விரு வகையின் காய்ப்பையும் ஒப்பிட்டார். பவழமல்லியும் ஆள்காட்டியும் தென்னையும் இக்கடற்கரைக்குப் புதியன அல்ல. நாள்தோறும் கண்டும் எண்ணாமல் விட்டவை அவை.

சென்னையிலிருந்து வெளிவரும் தி இந்து நாளிதழில் அவர் எழுதிய கட்டுரைகள் பின்னர் அறிவியலும் இந்தியப் பண்பாடும் என்னும் பொருளில் 1965இல் நூலாயின. இந்துக் கதைமரபை அவர் அன்போடு அணுகினார். மீன், ஆமை, பன்றி, ஆளரி, குறளுரு, மாந்தர் எனச் செல்லும் பத்து அவதார வரிசை, முதுகெலும்புயிரிகளின் பரிணாமத்தை ஏறக்குறைய நினைவூட்டுகிறது என்று குறிப்பிட்டார். கேட்போர் மனக்கதவைத் திறக்க இத்தகைய ஒப்புமை உதவும். ஆனால் ஒப்புமை சான்றாகாது. அவதாரக் கதையில் மீனிலிருந்து ஆமை பிறப்பதில்லை. இறைவனே இரு வடிவம் கொள்கிறான்.

தமிழ் மேடைகளிலும் இதற்கு நிகரான ஒரு வழக்கம் உண்டு. தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுத்திருப்பதைக் காட்டி, டார்வினுக்கு முன்பே தமிழர் பரிணாமம் கண்டனர் என்பர். தொல்காப்பியர் செய்தது புலன்வழி வகைப்பாடு; வியக்கத்தக்க நுண்ணோக்கு. ஓர் இனத்திலிருந்து மற்றோர் இனம் தோன்றியது என்று அவர் கூறவில்லை. கூறாததைக் கூறியதாக ஏற்றுவதால் டார்வினுக்கு இழப்பில்லை. தொல்காப்பியருக்கே இழப்பு, அவர் உண்மையில் செய்த அரிய செயல் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது.

மறைவும் பின்னிகழ்வும்

1963இன் இறுதியில் புற்றுநோய் கண்டது. மருத்துவமனையில் இருந்தபடியே அந்நோயைக் குறித்து நகைச்சுவைக் கவிதை எழுதி, நோயின் அறிகுறி தோன்றியதும் காலந்தாழ்த்தாமல் மருத்துவரை அணுகுமாறு மக்களை வேண்டினார். பிபிசி தொலைக்காட்சிக்குத் தம் இரங்கலுரையைத் தாமே பேசிப் பதிவு செய்தார். அதிலும் லைசென்கோவின் பெயர் வந்தது. அவருடைய கருத்துகளில் சில சரி, சில தவறு என்றார். ஸ்டாலின் ஆட்சியில் அவருக்கு அளிக்கப்பட்ட அதிகாரம் சோவியத் உயிரியலுக்கும் வேளாண்மைக்கும் கேடாயிற்று என்றும், ஏற்கத்தக்க ஆய்வுகளை ஒடுக்க அவர் அதனைப் பயன்படுத்தினார் என்றும் ஒப்புக்கொண்டார். முழுமையான கண்டனம் அன்று; பதினாறு ஆண்டு காலந்தாழ்ந்து வந்ததும்கூட. ஆயினும் நா சற்றே நடுவை நோக்கித் திரும்பியது. 1964 திசம்பர் 1ஆம் நாள் புவனேசுவரத்தில் மறைந்தார். அவர் விருப்பப்படி உடல் காக்கிநாடா ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்கு அளிக்கப்பட்டது.

அவர் மறைவுக்குப் பின் அந்துப்பூச்சி மீண்டும் விசாரணைக்கு வந்தது. பாடநூல்களில் இடம்பெற்ற படங்கள் சில, இறந்த பூச்சிகளை மரத்தில் பொருத்தி எடுக்கப்பட்டவை. கெட்டில்வெல் பூச்சிகளை விட்ட முறையிலும் குறைகள் உண்டு என்று 1990களின் இறுதியில் கண்டனம் எழுந்தது. படத்தின் கீழ் அவ்வுண்மையை ஒரு வரியில் எழுதியிருந்தால் பழி நேர்ந்திராது. மக்களுக்கு எளிதில் விளங்கட்டும் என்று எண்ணி மறைத்த சிறு செய்தி, கொள்கை முழுவதும் ஏமாற்று என்னும் கூச்சலுக்கு வழிவிட்டது. அக்கண்டனத்துக்கு மைக்கேல் மஜெரசு சொல்லால் விடையளிக்கவில்லை. 2001 முதல் ஆறாண்டுகளில் ஏறத்தாழ 4,800 பூச்சிகளைக் குறைகள் களைந்த முறையில் ஆய்ந்தார். அவர் 2009இல் மறைந்தபின், 2012இல் பிறர் அம்முடிவுகளை வெளியிட்டனர். பறவைகள் நிறம் கண்டே பொறுக்கின்றன என்பது மீண்டும் உறுதியாயிற்று. காற்று தூய்மையான இங்கிலாந்தில் இப்போது கருநிறப் பூச்சிகள் அருகிவிட்டன.

இந்நாட்டிலும் இவ்வினா ஓயவில்லை. 2018இல் நடுவண் இணையமைச்சர் ஒருவர், டார்வினின் கொள்கை தவறு. குரங்கு மனிதனாக மாறியதை நம் முன்னோர் எவரும் கண்டதில்லை என்னும் பொருள்படப் பேசினார். 2023இல் தேசியக் கல்வி ஆராய்ச்சிப் பயிற்சிக் குழுவின் 10ஆம் வகுப்பு அறிவியல் நூலிலிருந்து பரிணாமப் பகுதி நீக்கப்பட்டதும், 1,800க்கும் மேற்பட்ட அறிவியலாளரும் ஆசிரியரும் அதனை எதிர்த்துக் கையெழுத்திட்டனர். பாடத்தை நீக்குவது நடுவுநிலைமை ஆகாது. தட்டுகளையே எடுத்துவிட்டால் நாவுக்கு வேலையில்லை. அதேபோல், பரிணாமத்தை ஐயங்கொள்வோரை அறிவிலிகள் என்று ஏசுவதும் எவரையும் தெளிவிப்பதில்லை. சான்று இருக்கும் இடத்தில் ஏச்சு எதற்கு என்னும் ஐயத்தையே அது வளர்க்கிறது.

ஹால்டேன் சார்பற்றவராக வாழவில்லை. அரசியலிலும் சமயத்திலும் அவர் நிலைப்பாடுகள் வன்மையானவை. எண்ணைச் சொல்லுதல், ஊகத்தை ஊகமென்று உரைத்தல், மறுப்போரின் சொல்லையும் முழுமையாக அச்சிடுதல், எது கிடைத்தால் தாம் தோற்போம் என்பதை முன்கூட்டி அறிவித்தல் ஆகிய நான்கும் அவர் நாவை நேராக நிறுத்திய பழக்கங்கள். தம் பக்கத்தாரிடம் அவற்றைத் தளர்த்தியபோது அவர் சறுக்கினார். தமிழில் உயிர்வரலாறு எழுதப் புகுவோர், திருவக்கரைக் கல்மரத்தின் முன் ஒரு சிறுவனை நிறுத்திப் பேசப் புகுவோர், இந்நான்கையும் எதிரியிடம் மட்டுமன்றித் தமக்கு இனியவரிடமும் கடைப்பிடிக்க இயலுமா என்று தம்மைக் கேட்டுக்கொள்வது நன்று.